தகரக் கூரையும் வெள்ளிக் கோளும்: ஒரு வெப்பப் படத்தின் மறுவாசிப்பு

மே மாதம், காலை பத்தரை மணி. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூரில் நெடுஞ்சாலையோரம் வெயிலில் நிறுத்திய பைக்கின் சீட்டில் கை வைக்க முடியாது. அதே வேளையில்தான் 705 கிலோமீட்டர் உயரத்தில் லேண்ட்சாட் செயற்கைக்கோள் இந்த அட்சரேகையைக் கடக்கும். அது தரும் வெப்பப் படங்களில் பூச்சில்லாத தகரக் கூரைகள் நீலமாகவும், பக்கத்துத் தரிசு நிலம் சிவப்பாகவும் தெரிவது வழக்கம். உலர்நிலப் பகுதிகளில் வயலைவிடக் கட்டடப் பரப்பே பகலில் குளிர்ச்சி என்று ஒரு சாரார் நெடுநாளாக வாதிட்டு வருவதற்கு இத்தகைய படங்களே சான்று. அந்த முடிவை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்துக்கும் பொருத்தினால், ஆலைகள் குற்றமற்றவை ஆகிவிடும். இக்கட்டுரை அதை ஏற்கவில்லை.

செயற்கைக்கோள் அளப்பது வெப்பநிலையை அல்ல, வெப்பக் கதிர்வீச்சை. அதில் பொருளின் சூடும், அந்தச் சூட்டைக் கதிராக வெளியிடும் திறனான உமிழ்திறனும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கும். நீரின் உமிழ்திறன் ஏறத்தாழ 0.98, காய்ந்த மண்ணுக்குச் சற்றுக் குறைவு. பூச்சில்லாத உலோகத் தகட்டுக்கோ 0.3-ஐத் தாண்டுவதே அரிது. 60 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் அப்படியொரு ஷீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் உமிழ்திறன் 0.3 என்றால், பத்தில் மீதி ஏழு பங்குக்கு அது வானத்தின் கதிர்வீச்சைத்தான் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்புகிறது. அந்த வானக் கதிர்வீச்சு சுமார் -3 டிகிரிப் பொருளுடையதற்கு ஈடானது என்று வைத்து, உமிழ்திறன் 0.95 என்ற வழக்கமான எண்ணைப் போட்டால் விடை 20 டிகிரியை ஒட்டி வரும். மே மாத வெயிலில் 20 டிகிரிக் கூரை! எண்ணைச் சந்தேகிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

வண்ணப்பூச்சு பூசிய ஷீட்டின் உமிழ்திறன் 0.9 வாக்கில் இருக்கும். அங்கே இந்தப் பிழை வராது என்பது உண்மை. ஆனால் லேண்ட்சாட் 8-இன் வெப்பப் படப்புள்ளி ஒன்று 100 மீட்டர் அகலம். ஒரு ஹெக்டேருக்குள் பூசிய கூரை, பூசாத கூரை, தார்ச்சாலை, கான்கிரீட் முற்றம் எல்லாம் ஒரே எண்ணாகிவிடுகின்றன.

வெள்ளிக் கோளை ஆராய்ந்தவர்கள் இந்தச் சிக்கலை வேறு விதமாகச் சந்தித்தார்கள். 1990 முதல் 1994 வரை அதைச் சுற்றிய மெகல்லன் விண்கலம், மாக்ஸ்வெல் மலை போன்ற மேட்டுநிலங்களில் நுண்ணலை உமிழ்வு மிகக் குறைவு என்று கண்டது. அதை வெறும் குளிர்ச்சி என்று ஆய்வாளர்கள் கொள்ளவில்லை. வெள்ளியில் காற்றழுத்தம் பூமியைப்போல் 92 மடங்கு. கரியமில வாயு 96 விழுக்காட்டுக்கும் மேல். சராசரித் தரைவெப்பம் சுமார் 464 டிகிரி. அந்தக் கனத்த காற்று தரையை இரவும் பகலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் வைத்திருப்பதால், உயரம் தெரிந்தாலே வெப்பநிலையும் தெரிந்துவிடும். மிச்ச வேறுபாடு உமிழ்திறனுடையது. ஆகவே தரைக்கும் காற்றுக்கும் இடையிலான வேதிவினையால் அந்த மேடுகளில் என்ன கனிமம் உருவானது என்று தேடினார்கள். பென்னலூரில் காற்று அப்படித் தரையைக் கட்டிப்போடுவதில்லை. இங்கே இரண்டுமே தெரியாத எண்கள்.

இன்னொரு குறை, படம் எடுக்கும் பருவமும் நேரமும். மேகமில்லாத மே மாதப் படத்தைத் தேர்ந்தால், நவரைப் பருவ நெல் அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயலோடுதான் ஆலை ஒப்பிடப்படும். அதே வயல் ஜனவரியில் தண்ணீரில் நிற்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியாக 24.5 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். அவ்வளவும் காற்றைச் சூடாக்காமல் போகிறது. கான்கிரீட் போட்ட இடத்தில் இந்தச் செலவு கிட்டத்தட்ட நின்றுபோகிறது. மேலும், பத்தரை மணிப் படத்தில் கடற்காற்று உள்நாட்டுக்கு வந்து சேரும் நேரமும் இல்லை, பகலில் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் முற்றம் திருப்பித் தரும் இரவும் இல்லை. முன்னைய வாசிப்பில் மிகப் பலவீனமான இடம் இதுவே எனலாம்.

ஈரம் கூடினால் புழுக்கம் கூடாதா என்பார்கள். கூடும். ஆனால் அது உடல் படும் பாட்டைப் பற்றிய கேள்வி. இங்கே பேசப்படுவது தரையும் காற்றும் அடையும் சூடு. 2019 கோடையில் பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டதைக் காட்டி, ஏரியைவிட ஆலைக் கூரையே குளிர்ச்சி என்பதும் நிற்காது: வறண்ட ஏரிப்படுகையை ஒப்பீட்டு அளவுகோலாக வைத்தால் எந்தக் கூரையும் குளிர்ச்சியாகத்தான் தோன்றும்.

ஆலை முற்றத்தில் ஒன்று, வயல் வரப்பில் ஒன்று, ஏரிக்கரையில் ஒன்று என நாலடி உயரத்தில் நிழல்பெட்டிக்குள் வெப்பமானிகளை வைத்து, ஓராண்டு முழுக்க இரவிலும் அளந்து பார்க்க வேண்டும். அதுவரை இந்த வெப்பப் படங்களை வெளியிடுவோர், எந்த உமிழ்திறனைப் பயன்படுத்தினார்கள் என்பதையாவது படத்தின் கீழே அச்சிடட்டும்.