யாருடைய குழந்தை?

அன்னி பெஸன்ட் என்றதும் நமக்கு அடையாற்று ஆலமரமும் ஹோம் ரூல் கிளர்ச்சியும் ஞாபகத்துக்கு வரும். பெற்ற பெண்ணைக் கோர்ட்டில் பறிகொடுத்த தாயாக அந்த அம்மாளை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. சரித்திரப் புத்தகங்களில் அது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. எனக்கோ அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1867-ல் அவர் பிராங்க் பெஸன்ட் என்ற பாதிரியாரை மணந்தார். ஒரு பையன், ஒரு பெண். நாளடைவில் அன்னிக்கு மத நம்பிக்கை போயிற்று. கோயிலுக்கு வந்து நற்கருணை வாங்கு, இல்லையேல் வீட்டை விட்டுப் போ என்றார் கணவர். அன்னி வீட்டை விட்டுப் போனார். 1873-ல் பத்திரம் எழுதிப் பிரிந்தார்கள். பையன் தகப்பனிடம், பெண் மேபல் தாயிடம் என்று ஏற்பாடு. பாகப் பிரிவினை போலத்தான் இருக்கிறது, அல்லவா? ஆனாலும் அந்தக் காலத்தில் ஒரு தாய்க்கு இதுவே பெரிய லாபம்.

ஏனென்றால், இங்கிலாந்துச் சட்டப்படி குழந்தை தகப்பனுடையது, அவ்வளவுதான். கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளரின் மூன்று பிள்ளைகளையும் கணவர் கொண்டுபோய்விட, அந்த அம்மாள் பேனாவை எடுத்துப் போராடினார். அதன் பலனாக 1839-ல் ஒரு சட்டம் வந்தது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தன்னிடம் விடும்படி தாய் மனுச் செய்யலாம் என்றது அது. 1873-ம் வருஷச் சட்டம் அந்த வயதைப் பதினாறாக உயர்த்தியது. பெற்றோர் எழுதிக்கொள்ளும் பிரிவினைப் பத்திரமும் செல்லும், ஆனால் குழந்தையின் நன்மைக்கு விரோதமாக இருக்கக்கூடாது என்றது. இந்த ஷரத்தில்தான் அன்னி அகப்பட்டுக்கொண்டார்.

1877-ல் கர்ப்பத்தடை பற்றிய புத்தகம் ஒன்றைச் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து வெளியிட்டதற்காக அவர் மீது வழக்கு நடந்தது. அப்பீலில் தண்டனை ரத்தாயிற்று. ஆனால் கணவர் அதையும் நாஸ்திகத்தையும் காட்டி, 1878-ல் மேபலைக் கேட்டு மனுப் போட்டார். அன்னி தமக்காகத் தாமே வாதாடினார். குழந்தையை அவர் கண்ணும் கருத்துமாக வளர்த்ததை நீதிபதி ஜெஸல் ஒப்புக்கொண்டார். ஆனாலும் மதபோதனை அளிக்காத தாயிடம் பெண் வளரலாகாது என்று தீர்ப்புச் சொன்னார். மேபலுக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. கடுங்காய்ச்சலிலிருந்து எழுந்த பலவீனம் தீரவில்லை. அலறித் திமிறிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று தாய் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பெண்ணைப் போய்ப் பார்க்கும் உரிமை பிறகு கிடைத்தது. ஒவ்வொரு சந்திப்பும் குழந்தைகளைக் கலக்குவதைக் கண்டு, அதையும் அவர் விட்டுவிட்டார். வளர்ந்த பின் இருவரும் தாமாகவே தாயிடம் வந்து சேர்ந்தார்கள்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். 1913-ல் அதே அம்மாள் சென்னை ஹைகோர்ட்டில் மறுபடி தாமே வாதாடினார். இம்முறை எதிரில் நின்றவர் ஒரு தகப்பனார். ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யானந்தாவையும் 1910-ல் அவர் பாதுகாப்பில் ஒப்படைத்த நாராயணய்யா, இப்போது பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டார். ஹைகோர்ட் தகப்பனார் பக்கம் நின்றது. 1914-ல் லண்டன் பிரிவி கவுன்ஸில் அந்தத் தீர்ப்பை மாற்றியது. பையன்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள், அவர்கள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லையே என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் வரவில்லை. குழந்தைகளைக் கேட்டீர்களா என்று ஒரு கோர்ட் கேட்டதே, அது போதும் எனக்கு.

1925-ல் இங்கிலாந்திலும், 1956-ல் நம் ஹிந்து மைனர் சட்டத்திலும், குழந்தையின் நலனே தலையாயது என்று எழுதப்பட்டது. மேபலுக்கு அது பிந்தி வந்த நியாயம். அவளை யாரும் கேட்கவில்லை. ஆனால் அவள் பதில் சொல்லாமல் போகவில்லை. அந்த அலறல் பக்கத்தில் நின்றவர்கள் காதில் விழுந்துதான் இருக்கும். கோர்ட்டு ரிகார்டில்தான் ஏறவில்லை.