கழுதைப் பாதையில் ஒரு நீதிபதி

ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறீர்கள். போக வேண்டிய தூரம் சுமார் 538 கிலோ மீட்டர். நடுவே ஒரு மலைத்தொடரே குறுக்கே நிற்கிறது. ஆனால், இறங்கித் தள்ள வேண்டிய செங்குத்தான ஏற்றம் ஒன்றுகூடக் கிடையாது. முதுகுக்குப் பின்னால் லாரி ஹாரன் இல்லை. உரசிக்கொண்டு போகிற பஸ் இல்லை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் காடு. சில இடங்களில் ஊர்ச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும், அவ்வளவுதான்.

நடக்கிற கதையா என்கிறீர்களா? அமெரிக்காவில் இருக்கிறது. பிட்ஸ்பர்க் நகரில் ஆரம்பித்து, அலிகெனி மலைகளைத் தாண்டி, தலைநகர் வாஷிங்டனில் போய் முடிகிறது.

சைக்கிள்காரர்களுக்காக இவ்வளவு பெரிய பாதையை யார் போட்டுக் கொடுத்தார்கள்? அங்கேதான் வேடிக்கை. யாருமே போடவில்லை! ஒருவரையொருவர் ஒழித்துக்கட்டப் பார்த்த கம்பெனிகள், நஷ்டப்பட்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு போனபோது மிச்சம் விட்டுப்போன பாதை இது.

கதை 1754-ல் தொடங்குகிறது. 22 வயது ராணுவ அதிகாரி ஒருவர், பிரெஞ்சுக்காரர்களை எதிர்க்கப் படையோடு மலையைத் தாண்டி வந்தார். யாக்ககேனி என்கிற ஆற்றின் வழியே படகில் போக முடியுமா என்று பார்த்தார். ஒஹையோபைல் என்ற இடத்தில் பெரிய அருவி. படகு போகாது. சில வாரங்கள் கழித்து, ஜூலை 3-ம் தேதி, அதே வட்டாரத்தில் சண்டையில் தோற்றுச் சரணடைந்தார். அவர் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன்!

சண்டையில் தோற்றாலும் அந்த ஆசை அவரை விடவில்லை. கிழக்கே பொட்டோமேக் ஆறு, மேற்கே ஒஹையோ ஆறு. இரண்டையும் இணைத்துவிட்டால் உள்நாட்டு வியாபாரம் முழுக்க நம் பக்கம் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. 1785-ல் இதற்காக ஒரு கம்பெனி ஆரம்பித்து, அதற்குத் தலைவராகவும் இருந்தார். அந்தக் கனவு நிறைவேறுவதைப் பார்க்காமலேயே 1799-ல் இறந்துபோனார்.

அவர் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டது 'செஸபீக் அண்ட் ஒஹையோ' கால்வாய்க் கம்பெனி. பெயரிலேயே ஒஹையோ! 1828 ஜூலை 4. ஜனாதிபதி ஜான் குவின்ஸி ஆடம்ஸ் மண்வெட்டியை எடுத்து முதல் வெட்டு வெட்டினார். வேர் தட்டியது. மறுபடி வெட்டினார். ம்ஹூம். கடைசியில் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓங்கி வெட்டினார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

அதே நாள், 60 கிலோ மீட்டர் தள்ளி பால்டிமோரில் இன்னொரு விழா. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் அப்போது உயிரோடிருந்த ஒரே மனிதர், 90 வயது சார்ல்ஸ் கரோல், 'பால்டிமோர் அண்ட் ஒஹையோ' ரயில்வேக்கு முதல் கல்லை நட்டார். இதிலும் ஒஹையோ!

ஆக, படகும் ரயிலும் ஒரே நாளில், ஒரே ஒஹையோவைக் குறிவைத்துக் கிளம்பின. இரண்டும் ஒரே ஆற்றங்கரையில் முட்டிக்கொண்டன. 'பாயின்ட் ஆஃப் ராக்ஸ்' என்ற இடத்தில் மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு குறுகலான இடுக்கு. எனக்குத்தான் என்று இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1832-ல் கால்வாய் ஜெயித்தது.

கோர்ட்டில் ஜெயித்தது. கணக்குப் புத்தகத்தில் தோற்றது!

கால்வாய் என்றால் நம் ஊர்ப் பாசன வாய்க்கால் மாதிரி நினைத்துவிடாதீர்கள். மலைச்சரிவில் போகிற தண்ணீரைத் தொட்டி தொட்டியாக நிறுத்தி, கதவு போட்டு, படகைப் படிப்படியாக மேலே ஏற்ற வேண்டும். அப்படி 74 கதவுத் தொட்டிகள். கரையில் ஒரு மண்பாதை. அதில் கோவேறு கழுதைகள் நடந்தபடி கயிற்றால் படகை இழுத்துப் போகும். ஓரிடத்தில் மலை வழிவிடாததால் 3,118 அடிக்குக் குடைந்தார்கள். 'பா பா' குகை. இரண்டே வருடத்தில் முடிப்பதாகச் சொல்லி 1836-ல் ஆரம்பித்தார்கள். தொழிலாளர்களுக்குள் அடிதடி, சம்பளம் கொடுக்கக் காசில்லை, வருடக்கணக்கில் வேலை நிறுத்தம். சுமார் 60 லட்சம் செங்கல்களை விழுங்கிவிட்டு அது திறந்தபோது ஆண்டு 1850!

ஒருவழியாகக் கால்வாய் கம்பர்லண்ட் என்ற ஊரைத் தொட்டது. அங்கே 1842-லேயே ரயில் வந்து நின்றுகொண்டிருந்தது. எட்டு வருடம் லேட். செலவு 1 கோடியே 10 லட்சம் டாலர். அதற்கு மேல் ஒரு அடிகூட எடுத்து வைக்கத் தெம்பில்லை. ஒஹையோ பெயரில் மட்டும் மிஞ்சியது.

நிலக்கரி ஏற்றிக்கொண்டு எப்படியோ காலம் தள்ளியது கால்வாய். 1889-ல் பெரும் வெள்ளம். கம்பெனி திவால். அதன் கடன் பத்திரங்களைக் கையில் வைத்திருந்தது யார்? பரம எதிரியான அந்த ரயில்வேதான்! எதிரி கைக்கு வந்ததும் மூடியிருக்க வேண்டுமே? மூடவில்லை. ரிப்பேர் செய்து ஓட்டினார்கள். பாசமெல்லாம் இல்லை. மூடினால் அந்த ஆற்றங்கரை நிலம் 'வெஸ்டர்ன் மேரிலண்ட்' என்ற போட்டி ரயில்வேக்குப் போய்விடுமே!

அந்தப் போட்டி ரயில்வே சும்மா இருக்குமா? கம்பர்லண்டிலிருந்து மலையேறி, 1912-ல் பென்சில்வேனியாவுக்குள் தனியாக ஒரு லைன் போட்டது. கால்வாயோ 1924 வெள்ளத்தோடு நிரந்தரமாகப் படுத்துவிட்டது. 1938-ல் 20 லட்சம் டாலருக்கு அரசாங்கம் வாங்கிக்கொண்டது.

புதர் மண்டிய பழைய கால்வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கார் யுகம் வேறு பிறந்துவிட்டது. கால்வாய் வழியே அழகான கார் ரோடு போட்டுவிடலாம் என்று யோசனை வந்தது. 1954 ஜனவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' அதை ஆதரித்துத் தலையங்கமே எழுதியது.

அதைப் படித்துக் கொதித்துப்போனார் ஒரு வாசகர். உட்கார்ந்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். காரில் போகிறவனுக்கு அந்த இடத்தின் அருமை தெரியாது, என்னோடு நடந்து வந்து பாருங்கள், பிறகு எழுதுங்கள் என்பது கடிதத்தின் சாரம். எழுதியவர் வில்லியம் டக்ளஸ். வயது 55. வேலை, அமெரிக்க சுப்ரீம் கோர்ட் நீதிபதி!

பத்திரிகையும் சளைக்கவில்லை. சவாலை ஏற்றுக்கொண்டது. மார்ச் 20-ம் தேதி, கம்பர்லண்டிலிருந்து ஒரு கூட்டமே கிளம்பியது. கழுதைகள் நடந்த அதே மண்பாதை. எட்டு நாட்கள். வழியெங்கும் ஊர்மக்கள் கூடி நின்று பார்த்தார்கள். நிருபர்கள் பின்னாலேயே வந்தார்கள். மொத்தத் தூரம் ஏறக்குறைய 185 மைல். கடைசிவரை நடந்து முடித்தவர்கள் 9 பேர்தான். அதில் ஒருவர் நீதிபதி. பத்திரிகை ஆசிரியர்களால் முடியவில்லை.

ஆனால் அவர்கள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்கள். கால்வாயை ரோடாக்கும் வாதத்திலிருந்து பத்திரிகை பின்வாங்கியது. 1961-ல் ஐசனோவர் அதைத் தேசிய நினைவுச் சின்னம் என்று அறிவித்தார். 1971-ல் நிக்ஸன் கையெழுத்தில் அது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது.

பாதிக் கதை முடிந்தது. மீதிப் பாதி, மலைக்கு மேலே. ரயில் கம்பெனிகள் ஒன்றாக இணைந்தபோது ஒரே திசைக்கு இரண்டு லைன் எதற்கு என்று கேள்வி வந்தது. 1975-ல் வெஸ்டர்ன் மேரிலண்ட் லைனை மூடினார்கள்.

இங்கே காமர்ஸ் படித்தவனாக ஒன்று சொல்ல வேண்டும். மூடிய ரயில் பாதையைக் கணக்கில் எப்படி எழுதுவீர்கள்? தண்டவாளம், பழைய இரும்பு விலை. நிலம், ஏக்கர் இவ்வளவு. கூட்டினால் சொத்து மதிப்பு வந்துவிடும். ஆனால், பாதை என்பது துண்டு நிலங்களின் கூட்டல் இல்லை. அதன் மதிப்பே அறுபடாமல் நீண்டு கிடப்பதில்தான் இருக்கிறது. நடுவே நூறடியை ஒருவர் வாங்கி வீடு கட்டிவிட்டால், முந்நூறு கிலோ மீட்டரும் செத்த சொத்து!

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். மூடிய லைனில் முதல் சைக்கிள் பாதை 1986-ல் திறந்தது. எங்கே தெரியுமா? வாஷிங்டனின் படகைத் தடுத்த அதே ஒஹையோபைலில். நீளம் சுமார் 9 மைல்தான். அதற்கப்புறம் துண்டு துண்டாக நிலம் சேர்த்து, பாலங்களைச் செப்பனிட்டு, 150 மைலையும் முடித்தபோது ஆண்டு 2013. இருபத்தேழு வருடம்!

இந்தப் பாடு எல்லோரும் படக்கூடாது என்று 1983-லேயே அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்திருந்தது. ஓட்டம் நின்ற ரயில் பாதையை உடைத்து விற்காமல், நடைபாதையாகவோ சைக்கிள் பாதையாகவோ கைமாற்றலாம். பின்னாளில் ரயில் வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நிலச் சொந்தக்காரர்கள் எதிர்த்தார்கள். எங்கள் முன்னோர்கள் ரயிலுக்கு மட்டும்தானே வழி விட்டார்கள் என்றார்கள். நியாயமான கேள்வி. 1990-ல் சுப்ரீம் கோர்ட், சட்டம் செல்லும் என்றது. கூடவே, நிலம் இழந்தவர்கள் நஷ்ட ஈடு கேட்கலாம் என்றும் சொன்னது.

இப்போது மறுபடி சைக்கிளில் ஏறுங்கள். பிட்ஸ்பர்க்கை விட்டதும் ஹோம்ஸ்டெட். 1892-ல் எஃகு ஆலைத் தொழிலாளர்களும் முதலாளி அனுப்பிய கூலிப்படையும் மோதி ரத்தம் சிந்திய ஆற்றங்கரை. அப்புறம் ஏற்றம், ஆனால் உங்களுக்கே தெரியாது. ரயில் சக்கரமும் தண்டவாளமும் இரண்டுமே இரும்பு. செங்குத்தாக ஏறினால் வழுக்கும். அதனால் நூறடிக்கு இரண்டடிக்கும் குறைவாகவே ஏற்றம் வைத்தார்கள். என்ஜினுக்காக மலையை வெட்டியவர்கள், உங்கள் முழங்காலுக்கும் சேர்த்துத்தான் வெட்டியிருக்கிறார்கள்! 2,392 அடி உச்சியைத் தாண்டினால் 'பிக் சாவேஜ்' ரயில் குகை. அதைத் தாண்டி, வட மாநிலங்களையும் தென் மாநிலங்களையும் பிரித்ததாகச் சொல்லப்படும் மேஸன்-டிக்ஸன் கோடு. கம்பர்லண்ட் வரை இறக்கம்தான்.

பிறகு கழுதைப் பாதை. பா பா குகைக்குள் இருட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரே நாளில் சுமார் 23,000 பேர் செத்தும் காயம்பட்டும் காணாமலும் போன, 1862 ஆன்டீட்டம் போர்க்களம் பக்கத்தில். அடிமைகளை விடுவிக்க ஜான் பிரவுன் 1859-ல் ஆயுதக் கிடங்கைத் தாக்கிய ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி, ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

கவனித்தீர்களா? கால்வாயை ஒஹையோவுக்குக் கொண்டுபோக முடியவில்லை. போட்டி ரயில்வேயும் போய்விட்டது. இன்று அந்த இரண்டின் மிச்சமும் கம்பர்லண்டில் கைகோத்து நிற்கின்றன. பொட்டோமேக் கரையையும் ஒஹையோ பிறக்கிற பிட்ஸ்பர்க்கையும் இணைக்கிற வாஷிங்டனின் அந்தப் பழைய கோடு, கடைசியில் சைக்கிளுக்குக் கிடைத்திருக்கிறது.

நஷ்டக் கணக்கில் எழுதித் தள்ளிய பாதைகள்தான் இரண்டுமே. ஒன்றை எட்டு நாள் நடை காப்பாற்றியது. இன்னொன்றுக்கு 27 வருடப் பிடிவாதம் தேவைப்பட்டது. ஓடாத பாதையை அழிக்க, ஒரே ஒரு கையெழுத்து போதும்!