வீதி யாருக்கு உரியது?

தலைநகரில் வாழும் நம்மவர் யாவரும் நாள்தோறும் வீதியைக் கடக்கிறோம். ஆயின் அவ்வீதி யாரை எண்ணி அமைக்கப்பட்டது என்று ஆராய்ந்தோர் மிகச் சிலரே. அவருள் ஒருவர் பேராசிரியர் தினேஷ் மோகன்.

1945-இல் பிறந்த இவர் பம்பாய் ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் பயின்றார். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, 1979-இல் தாயகம் திரும்பி டில்லி ஐ.ஐ.டி.யில் ஆசிரியரானார். நடந்து செல்வோர், சைக்கிளில் செல்வோர் ஆகியோரின் உயிர்க்காப்பே அவர்தம் ஆராய்ச்சியின் உயிர்நாடி. மனிதன் தவறுவது இயல்பு. அத்தவற்றுக்கு உயிரையே விலையாகக் கேட்கும் வீதியைத்தான் திருத்த வேண்டும் என்பது அவர் கொள்கை.

இவரும் இவருடைய சகாக்களும் வலியுறுத்திய கருத்தின் வழியே, 2008-இல் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தூரத்திற்கு, வீதியின் நடுவே பஸ்களுக்கெனத் தனிப்பாதை அமைந்தது. அதில் குறைகள் இல்லாமலில்லை. கார்களுக்கு இடம் குறைந்ததென வெகுண்டோர் பலர், வழக்கும் எழுந்தது. 2012-இல் உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளிற்று. எனினும் 2016-இல் அப்பாதை அகற்றப்பட்டது.

ரயில்வேயில் பணிபுரியும் எனக்கு இதில் ஒன்று தெளிவாகிறது. நாங்கள் எண்ணுவது பெட்டிகளை மட்டுமன்று, பயணிகளையும். வீதியிலும் வண்டிகளை விடுத்து ஆட்களை எண்ணினால், பஸ்ஸின் பங்கு எத்துணைப் பெரிதென்பது விளங்கும்.

2021 மே 21-இல் கொரோனா நோயால் பேராசிரியர் மறைந்தார். பாதையும் மறைந்தது, அவர் எழுப்பிய வினா மறையவில்லை. பஸ்ஸுக்காக வீதியோரம் காத்து நிற்கும் நம் குழந்தைகளின் பொருட்டேனும் அவ்வினாவை நாமும் எழுப்புவோமாக!