கம்பளி விற்க வந்தவர்

ஷாம்பெய்ன் என்றதும் பிரான்ஸ்தான் நினைவுக்கு வரும். ஆனால் க்ரூக், போலாஞ்சே, டாய்ட்ஸ், மும் என்று அந்தப் புட்டிகளின் மேல் உள்ள பெயர்களில் பல ஜெர்மன் குடும்பங்களுடையவை. அவர்களுக்கெல்லாம் முன்பே இத்தொழிலில் இறங்கியவர் ஃப்ளோரன்ஸ் லூயி ஹைட்சீக்.

1749-ல் வெஸ்ட்பாலியாவில் ஒரு லூத்தரன் போதகரின் மகனாகப் பிறந்த அவர், பிரான்ஸின் ரெய்ம்ஸ் நகருக்கு வந்தது கம்பளித் துணி வியாபாரத்துக்காக. ரெய்ம்ஸ் அப்போது பெரிய துணிச் சந்தை. அந்த ஊரில் துணியும் மதுவும் பல நேரங்களில் ஒரே கைகளில் இருந்தன. ஷாம்பெய்னில் நுரை வருவதே புட்டிக்குள் நடக்கும் இரண்டாம் நொதிப்பால். பீப்பாயில் நுரை நிற்காது; வெளியூர் அனுப்பப் புட்டிதான் வேண்டும். அப்படி அனுப்ப 1728-ல் அரசர் அனுமதித்தார். மறு வருடமே மது வணிகம் தொடங்கிய ருய்னார் ஒரு துணி வியாபாரி.

ஹைட்சீக்கும் அதே வழியில் போனார். 1785-ல் தன் பெயரில் நிறுவனம் தொடங்கினார். 1788-ல் ராணி மரி அந்துவானெத்துக்கு அவரே நேரில் தன் மதுவை அளித்தார் என்று அந்நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. அடுத்த வருடமே புரட்சி. அரசவையை மட்டும் நம்பியிருந்தால் கடையை மூடியிருக்க வேண்டும். அவருடைய பெரிய பலம், என் கணிப்பில், வெளிநாட்டுச் சந்தைதான். தாய்மொழியே ஜெர்மன் என்பதால் ரைன் நதிக்கு அப்பாலிருந்த வாடிக்கையாளர்களோடு அவரால் நேரடியாகப் பேரம் பேச முடிந்தது.

ஜெர்மனியிலிருந்து உறவுப் பிள்ளைகளை வரவழைத்துத் தொழில் பழக்கினார். அவர்களில் ஷார்ல் ஆன்ரி, 1811-ல் நெப்போலியனின் படைக்கு முன்பே வெள்ளைக் குதிரையில் மாஸ்கோ போய் ஆர்டர் பிடித்தவர் என்று புகழ்பெற்றவர்.

1828-ல் பெரியவர் இறந்தபின் குடும்பம் பிரிந்தது. பைப்பர் ஹைட்சீக், ஹைட்சீக் மோனோபோல், ஷார்ல் ஹைட்சீக் என மூன்று நிறுவனங்கள் உருவாயின. கடைசியதை 1851-ல் தொடங்கியவர் ஷார்ல் ஆன்ரியின் மகன். அமெரிக்காவில் விற்பனை செய்யப் போன அவர், 1862-ல் உள்நாட்டுப் போரின் நடுவே நியூ ஆர்லியன்ஸில் உளவாளி என்று கைதானார். அவர் கொண்டுவந்த தூதரகப் பையில், தென்மாநிலப் படைக்குச் சீருடைத் துணி தருவது பற்றிய கடிதங்கள் இருந்தன.

மூன்றில் இன்னொன்றான ஹைட்சீக் மோனோபோலின் 1907-ஆம் ஆண்டு மதுவை ஏற்றிச் சென்ற ஸ்வீடன் கப்பல் ஒன்றை 1916-ல் ஜெர்மன் நீர்மூழ்கி பால்டிக் கடலில் மூழ்கடித்தது. 1998-ல் புட்டிகளை வெளியே எடுத்தபோது மது கெட்டுப்போயிருக்கவில்லை. ஏலத்தில் பெரும் விலைக்குப் போனது.