சிறிய அணு உலை: செலவு யார் தலையில்?

சுவிஸில் வாக்குரிமை பெற்ற எம்மவர்களின் வீட்டுக்கு வரும் வாக்குக் கடித உறைக்குள் அணுமின்சாரம் பற்றிய கேள்வி மீண்டும் ஒருமுறை வரக்கூடும். 2017 மே 21 அன்று நடந்த வாக்கெடுப்பில் 58.2 சதவீதமானோர் புதிய எரிசக்திச் சட்டத்தை ஏற்றனர். அதன்படி 2018 முதல் புதிய அணுமின் நிலையம் எதற்கும் அனுமதி கொடுக்க முடியாது. பெரியது, சிறியது என்ற வேறுபாடு சட்டத்தில் இல்லை. எரிசக்தித் துறை அமைச்சர் அல்பேர்ட் றோஸ்ரி இத்தடையை நீக்கும் அரசின் திட்டத்தை 2024 ஆகஸ்டில் அறிவித்தார். ஒரு வருடம் கழித்து அது நாடாளுமன்றத்துக்குப் போனது. அன்று தொடக்கம் பத்திரிகைகளில் அடிபடும் பெயர் எஸ்.எம்.ஆர்.

300 மெகாவாற் வரையான உலையைச் சிறியது என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் சிறிய உலை புதுமையானதல்ல. 1969 இல் ஓடத் தொடங்கிய பெற்ஸ்னாவ் உலை 365 மெகாவாற்தான். தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் உள்ளவை தலா 220 மெகாவாற். புதியது செய்முறைதான். பாகங்களைத் தொழிற்சாலையில் ஒரே அச்சில் செய்து, லொறியில் கொண்டுவந்து பூட்டுவது. ஒரே மாதிரி பலவற்றைச் செய்தால் ஒவ்வொன்றின் விலையும் இறங்கும் என்பதே கணக்கு. மின்சாரம் நின்றாலும் பம்பி இல்லாமல் தானாகக் குளிரும் வடிவமைப்பு, பக்கத்து ஊர்களுக்குச் சூடு கொடுக்கும் வசதி என்பவையும் சொல்லப்படுகின்றன. இரண்டாவது இங்கே பழையது. பெற்ஸ்னாவின் வெப்பம் 1980களிலிருந்தே சுற்றுவட்டார வீடுகளுக்குப் போகிறது.

சொந்தமாகச் சிறிய உலை செய்த அனுபவமும் சுவிஸுக்கு உண்டு. வோ மாநிலத்தின் லூசென்ஸில், மலையைக் குடைந்த குகைக்குள் சுமார் 6 மெகாவாற் மின்சாரம் தரும் உலை ஒன்றைக் கட்டினார்கள். சுவிஸ் தொழிற்துறை தனது உலையை உலகுக்கு விற்கும் என்பது கனவு. 1969 ஜனவரி 21 அன்று, ஈரத்தால் அரிக்கப்பட்டிருந்த எரிபொருள் உறை காரணமாக எரிபொருள் கூறு ஒன்று உருகி, குழாய் வெடித்தது. எவருக்கும் காயமில்லை. குகை கதிரியக்கத்தால் மாசடைந்து மூடப்பட்டது. அமெரிக்காவின் வெஸ்ரிங்ஹவுஸிடம் வாங்கிய பெற்ஸ்னாவ் உலை அதே ஆண்டில்தான் மின்சாரம் தரத் தொடங்கியது.

இனிக் கணக்குக்கு வருவோம். வணிகம் படித்தவன் என்பதால் எனக்கு முக்கியமாகத் தெரிவது இதுதான்.

அமெரிக்காவின் ஐடஹோவில் நூஸ்கேல் நிறுவனத்தின் ஆறு உலைகளை, மொத்தம் 462 மெகாவாற், அமைக்க யூட்டா பகுதி நகரசபை மின்சபைகள் சேர்ந்தன. 5.3 பில்லியன் டொலர் என்றிருந்த மதிப்பீடு 2023 ஜனவரியில் 9.3 பில்லியன் ஆனது. ஒரு கிலோவாற் மணிக்கு 5.8 சதம் என்ற விலை 8.9 சதமானது, அதுவும் அரச மானியத்தைக் கழித்த பிறகு. போதிய சபைகள் கையெழுத்திடவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

கனடாவில் ஒன்ராறியோ அரசு 2025 மே மாதம் டார்லிங்ரனில் நான்கு உலைகளுக்கு ஒப்புதல் அளித்தது. தலா 300 மெகாவாற், மொத்தம் 20.9 பில்லியன் கனேடிய டொலர். முதல் உலைக்கு 6.1 பில்லியன், பொது வசதிகளுக்கு 1.6 பில்லியன். மீதியை மூன்றாகப் பிரித்தால் அடுத்தவை தலா 4.4 பில்லியன். விலை இறங்கும் என்பது இங்கே கடதாசியில் எழுதப்பட்டிருக்கிறது. அது உண்மையாவதைப் பார்க்க நாலாவது உலை முடியும்வரை காத்திருக்க வேண்டும். ரஷ்யாவின் மிதக்கும் நிலையமும் சீனாவின் ஷிடாவ் வளைகுடா உலையும் ஓடுகின்றன. ஆனால் அவை அரச பணத்தில் நடப்பவை; அந்த விலையை வைத்து இங்கே பேரம் பேச முடியாது.

சுவிஸ் இதில் எங்கே நிற்கிறது? குளிர்காலத்தில் மின்சாரத்தை வெளியிலிருந்து வாங்கும் நாடு. பெற்ஸ்னாவின் இரு உலைகளும் 2032, 2033 இல் நிறுத்தப்படும் என்று அக்ஸ்போ அறிவித்துள்ளது. அதற்குள் ஒரு சிறிய உலையும் இங்கே எழும்பாது. மின்நிறுவனங்களில் பெரும்பாலானவை மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் சொந்தமானவை. சாதாரண வீட்டுக்காரர் தன் மின்விநியோகத்தரை மாற்றவும் முடியாது. ஆக, மதிப்பீடு பிழைத்தால் அது எங்கள் மின்கட்டணச் சிட்டையில், அல்லது வரியில் வரும்.

கழிவும் சிறிதாகிவிடாது. அதைப் புதைக்க 2022 இல் தெரிவான இடம் சூரிச் மாநிலத்தின் ஸ்ராடெல். சிறிய உலையின் எரிபொருளும் அங்கேதான் போகவேண்டும்.

தடை நீங்கினாலும் உடனே கட்டத் தொடங்க முடியாது. ஒவ்வொரு நிலையத்துக்குமான அடிப்படை அனுமதியை எதிர்த்து நூறு நாளில் 50,000 கையெழுத்துச் சேர்த்தால், அதுவும் வாக்குக்கு வரும்.