தலையுள்ள பொம்மை, தலையில்லாப் பொம்மை

புடைவைக் கடைகளில் நிற்கும் உடுப்புப் பொம்மைகளைப் பற்றி நம்மவர் மத்தியில் எழும் பேச்சு, பெரும்பாலும் ஹலாலா ஹராமா என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பொம்மையின் வரலாற்றை அறிந்தால் கேள்வியே வேறாகிவிடும் என்பது என் எண்ணம்.

'மெனிக்கின்' என்ற பெயர் 'சின்ன மனிதன்' எனப் பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் பரிஸ் நகரத்தார் புதுப்பாணி உடுப்புகளைப் பொம்மைகளுக்கு அணிவித்து ஐரோப்பிய அரண்மனைகளுக்கு அனுப்பினர். 'பண்டோரா' என்பது அவற்றின் பெயர். படம் அச்சிட்ட சஞ்சிகைகள் பரவும்வரை பொம்மையே செய்தி சுமந்தது.

1867இல் பரிஸில் தொடங்கிய ஸ்டொக்மன் நிறுவனம் தையற்காரருக்கென உடற்பொம்மைகளைச் செய்தது. அவற்றுக்குத் தலையில்லை. தையற்காரருக்கு வேண்டியிருந்தது அளவு மட்டுமே. முகத்தைக் கேட்டது வியாபாரம். கடைகளுக்குப் பெருங்கண்ணாடி ஜன்னல்களும் மின்விளக்கும் வந்தபின் மெழுகு முகமும் கண்ணாடிக் கண்ணும் கொண்ட பொம்மைகள் நின்றன. வெப்பம் கூடினால் அவை உருகின. 1966இல் லண்டனில் அடெல் ரூட்ஸ்டீன் விளம்பர அழகி ட்விக்கியின் சாயலிலேயே பொம்மை செய்தார். விற்கப்பட்டது உடுப்பு மட்டுமல்ல, அவளைப்போல் ஆகும் ஆசையுந்தான்.

நமது மரபில் இவ்விடயம் நுட்பமாகவே பேசப்பட்டிருக்கிறது. அன்னை ஆயிஷா (ரழி) சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதை நபிகள் நாயகம் (ஸல்) தடுக்கவில்லை. தலையகற்றிய உருவம் மரத்துக்கு ஒப்பாகிவிடும் என்ற கருத்துள்ள ஹதீஸை அபூதாவூதும் திர்மிதியும் பதிவுசெய்துள்ளனர். ஆக, தலையை நீக்குவதென்பது உயிரற்ற உருவத்துக்குரிய சட்டம்.

2022 ஜனவரியில் ஆப்கானிஸ்தானின் ஹேராத் நகரில் தலிபான் உத்தரவின்படி கடைப் பொம்மைகளின் தலைகள் அறுக்கப்பட்டன. காபூல் வியாபாரிகளோ பொம்மைகளை இழக்க மனமின்றி அவற்றின் தலைகளைத் துணிப்பையாலும் பொலித்தீனாலும் மூடி வைத்தார்கள். அதே 2022 மார்ச்சில், திறப்பதாகச் சொல்லப்பட்ட பெண்பிள்ளைகளின் இடைநிலைப் பாடசாலைகள் திறந்த அன்றே மூடப்பட்டன. மே மாதம் பெண்கள் வெளியே முகத்தை மூடவேண்டுமெனக் கட்டளை பிறந்தது. டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் அவர்களுக்கு அடைக்கப்பட்டது. பொம்மைக்குரிய சட்டம் ஓராண்டுக்குள் பெண்ணின் தலைக்கும், அதற்குள் இருக்கும் அறிவுக்கும் வந்துவிட்டது.

மேற்கைப் புகழ்வதற்காக இதை நான் எழுதவில்லை. அங்கும் இன்று பல கடைகளில் தலையில்லாப் பொம்மைகளே நிற்கின்றன. மார்க்கம் அதற்குக் காரணமல்ல. முகமில்லாவிட்டால் எவரும் அவ்விடத்தில் தம்மை வைத்துப் பார்க்கலாம், உடுப்பு விலைபோகும். ஒரு சாரார் விற்பதற்காகவும் மறுசாரார் அடக்குவதற்காகவும் பெண்ணை வெறும் உடம்பாகப் பார்க்கிறார்கள். இரு சாராருக்கும் தேவைப்படாதது அவளது தலைதான்.

பொம்மைக்குத் தலை இருக்கலாமா என்று நாம் இன்னும் வாதிடலாம். நம் பெண்பிள்ளைகளுக்குத் தலை உண்டு என்பதில் மட்டும் வாதம் வேண்டாம்.