தனுஷ்கோடியும் ஆலாப் பறவைகளும்

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து இராமேசுவரம் செல்வோர், தரிசனம் முடிந்ததும் தனுஷ்கோடியையும் பார்த்துத் திரும்புவது வழக்கம். அரிச்சல்முனைக் கடற்கரையில் நிற்கும்போது, வட்டமிட்டுப் பறந்து சட்டென்று செங்குத்தாக நீரில் பாயும் வெண்ணிறப் பறவைகளைக் கவனித்திருக்கிறீர்களா? அவையே ஆலாக்கள். முனையிலிருந்து தலைமன்னார் வரை கடலில் விட்டுவிட்டு நீளும் மணல் திட்டுகளை மீனவர்கள் தீடை என்பர். ஆலா இனங்கள் பல அங்கே கூட்டங்கூட்டமாக முட்டையிடுகின்றன. கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. மணலில் சிறு பள்ளம், மணல் நிறத்திலேயே புள்ளியிட்ட ஒன்றிரண்டு முட்டைகள், அவ்வளவுதான். நாயும் நரியும் எளிதில் வரமுடியாத கடலே அவற்றுக்கு வேலி.

இந்தக் கடலைத் தாண்டும் வழியாக மனிதர் தனுஷ்கோடியை ஆக்கினர். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு இரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடின. 'போட் மெயில்' என்றால் நம் தாத்தாக்களுக்குத் தெரியும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் பயணிகளோடு ஒரு இரயிலையே கடலுக்கு இரையாக்கியது, ஊரும் அழிந்தது. 1974 உடன்படிக்கையின்படி இரு நாட்டுக் கடல் எல்லை தீடைகளின் இடையே வகுக்கப்பட்டது. பின்னர் இலங்கைப் போர்க்காலத்தில், அகதிகளைப் படகுக்காரர்கள் இந்தத் தீடைகளில் இறக்கிவிட்டுப் போனதுண்டு. நிழலும் குடிநீரும் இல்லாத அந்த மணலில் குழந்தைகளோடு அவர்கள் காத்திருந்ததை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

அதே வெயிலில்தான் ஆலாவின் முட்டையும் கிடக்கிறது. மற்றப் பறவைகள் முட்டைக்குச் சூடு தருகின்றன. நண்பகலில் ஆலாவோ அதைக் குளிர்விக்க வேண்டும்! இறக்கையை விரித்து நிழல் தரும். சில சமயம் கடலில் வயிற்றுச் சிறகை நனைத்து வந்து அமரும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை உடன் கொண்டுபோகிறது. உங்கள் வீட்டு மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே தத்துவம்தான். முட்டைக் கரு ஓரளவு குளிரைத் தாங்கும்; மிகைச் சூட்டைத் தாங்காது. எனவே மனிதரைக் கண்டு தாய்ப்பறவை மேலெழுந்து பறக்கும் சில நிமிடங்களே முட்டைக்கு ஆபத்தான நேரம்.

தீடைகளை அடுத்த இலங்கைப் பகுதி 2015-இல் தேசியப் பூங்காவாயிற்று. நம் பக்கத்தில் 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. சாலையோடு கூட்டமும், கூட்டத்தின் சோற்றுப் பொட்டலங்களைத் தேடி நாய்களும் காகங்களும் வரத்தானே செய்யும்? நீங்கள் சென்றால் இருகண் நோக்கி ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். கரையிலிருந்தே ஆலா மீனைக் கொத்தி எழுவதை நன்றாகப் பார்க்கலாம்.